கல் கேட்கும் நாள்

எங்கள் கெல்டன் ஊரில் ஒரு பழைய மடாலயம் இருக்கிறது. அதற்குக் கூரை கிடையாது. கதவு கிடையாது. சுவரிலும் பாதிதான் மிச்சம். ஆனாலும் ஸ்காட்லாந்தில் அதைவிட அழகான கட்டடம் இல்லை என்று நாங்கள் அடித்துச் சொல்வோம்.

நம்பாதவர்களை மாலை வெயிலில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவோம். அந்தச் சிவப்புக் கல், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மாதிரி இருக்கும். உயரமான ஜன்னல் வளைவுக்குள் பச்சை மலையும் அதில் மேயும் ஆடுகளும் தெரியும். வெயில் வராவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் வெயிலுக்குக் காத்திருக்க எல்லோருக்கும் பழக்கம் உண்டு.

சரி, மீதிப் பாதிச் சுவர் எங்கே போயிற்று? ஆற்றுக்கு அந்தக் கரையைப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே நிற்கிறதே ஹார்ட்ஷா மாளிகை, அங்கேதான்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் போர் வந்தது. படைகள் மடாலயத்தை இடித்தன. துறவிகள் போய்விட்டார்கள். அக்கரையில் இருந்த ஹியூ என்ற பிரபு, "நல்ல கல் வீணாகக் கிடக்கிறதே" என்று வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய் வீடு கட்டிக்கொண்டார். நாங்கள் அதைத் திருட்டு என்கிறோம். மாளிகைக்காரர்கள் சிக்கனம் என்கிறார்கள். இந்தச் சண்டை நானூறு வருஷமாக நடக்கிறது.

நடக்கிறது என்றால், வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். ஜூன் மாதத்தில் வரும் கல் கேட்கும் நாள்.

அன்றைக்கு ஊரே மேளம் அடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போகும். எங்களில் ஒரு பிள்ளை மாளிகைக் கதவைத் தட்டி, "எங்க கல்லைக் குடுங்க!" என்று கேட்க வேண்டும். மாளிகையின் சொந்தக்காரர் கதவைத் திறந்து, "உங்களுதுன்னு காட்டுனா எடுத்துக்கோங்க!" என்பார். உடனே எல்லோரும் உள்ளே போகலாம். எல்லா அறைகளிலும் சுற்றலாம். பேரிக்காய் அப்பம் வேறு கிடைக்கும்.

ஆனால் கல்லைக் காட்ட வேண்டியது அந்த ஒரு பிள்ளைதான். மாளிகைக் கோபுரக் கடிகாரம் நாலு அடிப்பதற்குள், இதுவரை யாரும் காட்டாத ஒரு மடாலயக் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவைதான் காட்டலாம். சரியாக இருந்தால் அந்தக் கல்லில் வெள்ளைப் பொட்டு வைப்பார்கள். தவறினால் மாளிகைக்காரரை நாற்காலியோடு தூக்கிப் பாலத்தைத் தாண்ட வேண்டும்.

போன வருஷம் தூக்கினோம். அதற்கு முந்தின வருஷமும் தூக்கினோம்.

"அந்த மனுஷன் வருஷா வருஷம் கனம் கூடிக்கிட்டே போறாரு," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார் இறைச்சிக் கடை டர்ன்புல்.

"உங்க சாஸேஜைத்தானே அப்பா அவரு சாப்பிடறாரு," என்றாள் அவருடைய மகள் ரோனா.

ரோனாவுக்குப் பத்து வயது. இந்த வருஷம் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தபோது அவள் பெயர்தான் வந்தது. அதிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. காரணம் இருந்தது. தொடர்ந்து மூன்று வருஷம் தோற்றால் கெல்டனின் உரிமை போய்விடும். கல் கேட்கும் நாளே இனி கிடையாது. அந்தக் கதவை இனி யாரும் தட்ட முடியாது.

"சர் ஹியூ நல்லவருதானே? அப்புறமும் வாங்கன்னு கூப்பிட மாட்டாரா?" என்று கேட்டாள் ரோனா. அந்தப் பழைய ஹியூவின் வம்சத்தில் வந்த இப்போதைய மாளிகைக்காரர்தான் சர் ஹியூ.

"கூப்பிடுவாரு. நாம போவமா?" என்றார் அப்பா.

போக மாட்டோம். உரிமையில்லாத வீட்டில் கெல்டன்காரர்கள் தேநீர்கூடக் குடிக்க மாட்டோம். நாங்கள் அப்படி. எங்களை மாற்ற முடியாது.

ரோனாவுக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளுக்கு அந்த மாளிகை அவ்வளவு பிடிக்கும். திருடிய கல்லில் கட்டியது என்று தெரியும். ஆனாலும் என்ன அழகு!

கல் கேட்கும் நாளன்று மதியம் அவள் மாளிகைக் கதவைத் தட்டினாள். நரைத்த மீசையோடு சர் ஹியூ திறந்தார்.

"எங்க கல்லைக் குடுங்க!"

"உங்களுதுன்னு காட்டுனா எடுத்துக்கோங்க!" என்று கர்ஜித்துவிட்டு, அவர் மெல்லக் குனிந்தார். "நல்லாத் தேடும்மா. போன வருஷம் உங்கப்பா என்னைப் பாலத்துல கீழே போடப் பார்த்தாரு."

அவருக்குப் பின்னால் அவர் மகன் டூகல் நின்றான். ரோனாவின் வயதுதான். தூரத்தில் இருக்கும் விடுதிப் பள்ளியில் படிக்கிறான். விடுமுறைக்கு மட்டும் வருவான். தேடும் பிள்ளையின் கூடவே, வெள்ளைச் சாயக் கிண்ணத்தோடு மாளிகைப் பிள்ளை ஒருவர் போக வேண்டும் என்பது விதி. அந்தப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது காட்டிய கல் செல்லாது. அதோடு, பரம்பரையாக வந்த ஒரு ஜோடி பூட்ஸையும் அன்று அணிய வேண்டும். கறுப்புத் தோல், பித்தளைக் கொக்கி, முழங்கால் வரை உயரம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

"எங்க போகணும்?" என்றான் டூகல் உம்மென்று.

"எல்லா இடத்துக்கும்," என்றாள் ரோனா.

பெரிய கூடத்தில் கணப்புக்கு மேலே ஒரு கல் முகம் நாக்கைத் துருத்திக்கொண்டு இருந்தது. அதன் கன்னத்தில் வெள்ளைப் பொட்டு. மாடிப்படியின் அடியில் மூக்கு உடைந்த சிங்கம். அதற்கும் பொட்டு. குதிரை லாயத்தில் ஒரு தேவதை. குதிரை உரசி உரசிப் பாதிச் சிறகு மொழுக்கென்று ஆகிவிட்டது. அதற்கும் எப்போதோ பொட்டு வைத்துவிட்டார்கள்.

நூலகத்துக்குள் போனதும் ரோனா வந்த வேலையை மறந்தாள். கூரை முழுக்கச் சுண்ணாம்பில் செய்த நட்சத்திரங்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கு நடுவிலும் ஒரு பேரிக்காய். நீளமான ஜன்னல்களின் பழைய கண்ணாடி கொஞ்சம் நெளிந்திருந்ததால், வெளியே ஆறும் மலையும் மெல்ல அசைவதுபோலத் தெரிந்தன. நாற்காலிகளில் யாரும் உட்காராமல் இருக்க, ஒவ்வொன்றிலும் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்திருந்தார்கள்.

"இதெல்லாத்தையும் நீ தினமும் பார்க்கலாம்!" என்றாள் ரோனா வாயைப் பிளந்தபடி.

"பார்க்கலாம். உக்காரத்தான் முடியாது," என்றான் டூகல்.

ரோனா சிரித்துவிட்டாள். டூகலின் உம்மென்ற முகமும் கொஞ்சம் தளர்ந்தது.

"ஒளிஞ்சு விளையாட எவ்வளவு இடம் இருக்கு இங்க!"

"ஒளியறதுக்கு நாப்பது ரூம் இருக்கு," என்றான் டூகல். "தேடறதுக்குத்தான் ஆள் இல்ல."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். ரோனாவுக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

"நாங்க மடாலயத்துலதான் விளையாடுவோம்," என்றாள். "அங்க ராத்திரிப் படின்னு ஒண்ணு இருக்கு. துறவிங்க மேல தூங்கிக்கிட்டு இருப்பாங்களாம். நடுராத்திரியில மணி அடிச்சதும் அது வழியா இறங்கி ஜெபத்துக்கு வருவாங்களாம். பாதித் தூக்கத்துல வந்து வந்து எல்லாப் படியும் குழிஞ்சு போயிருக்கு. கீழ்ப்படிங்க மட்டும் இல்ல. தொங்கித்தான் குதிக்கணும். அந்தப் படிக்கு அடியில புகுந்துட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே இருட்டு."

"பயமா இருக்காதா?"

"இருக்கும். அதனால நான் மேலே தடவிக்கிட்டே இருப்பேன். ஒவ்வொரு படிக்கு அடியிலயும் கல் செதுக்கினவரு கோழிக்கால் மாதிரி மூணு கோடு போட்டிருக்காரு. அதைத் தொட்டா, யாரோ கூட இருக்கிற மாதிரி இருக்கும்."

டூகல் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவர்கள் ஓடினார்கள். படுக்கையறைகள், நீண்ட நடைகள், மாடத்துச் சிற்றறை, பாத்திரம் கழுவும் இடம். ரோனா தூணையெல்லாம் சுற்றினாள். அடுப்புக்குள் தலையை விட்டுக் கரியோடு வெளியே வந்தாள். பூ, முகம், சிறகு, கிரீடம் என்று செதுக்கியது எதைப் பார்த்தாலும் அதில் வெள்ளைப் பொட்டு இருந்தது. நானூறு வருஷப் பிள்ளைகள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

கூடத்தில் ஊர்க்காரர்கள் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார்கள். கெல்டன்காரர்கள் அப்பத்தைச் சாப்பிடாமல் நிற்பது லேசான விஷயம் இல்லை.

"கிடைச்சுதா?" என்று கேட்டார் அப்பா.

ரோனா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக் கூடாது.

பின்வாசல் நடையில் திரும்பியபோதுதான், கூடவே வந்த காலடிச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள். டூகல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வா போகலாம்."

"நொண்டறே."

"பூட்ஸ் கடிக்குது," என்றான் மெதுவாக. "போன வருஷமே இறுக்கமா இருந்துச்சு. இந்த வருஷம் கால் பெருசாயிடுச்சு. பரவாயில்ல. நான் வரலேன்னா நீ காட்டறது செல்லாது. நேரம் போகுது பாரு!"

ஜன்னலுக்கு வெளியே கோபுரக் கடிகாரத்தின் பெரிய முள் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தோட்டத்துச் சுவர் பாக்கி. ரோனா தோட்டத்தைப் பார்த்தாள். டூகலின் காலைப் பார்த்தாள். அவன் குதிகாலைத் தரையில் ஊன்றவே முடியாமல் நின்றான்.

"உக்காரு," என்றாள்.

"ரோனா, நேரம்..."

"உக்காருடா முதல்ல! ரெண்டு கால் இல்லாம எப்படி வருவ?"

பின்வாசலை ஒட்டி ஒரு கல் பலகை இருந்தது. மழையில் நனைந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றும் இடம். டூகல் அதில் தொப்பென்று உட்கார்ந்தான். ரோனா அவன் முன்னால் மண்டி போட்டு ஒரு பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள்.

"ஆ! கால் கழண்டு வந்துடும்!"

"கத்தாதே. பலகையை நல்லாப் பிடிச்சுக்கோ."

அவளும் பிடிமானத்துக்காக ஒரு கையைப் பலகையின் அடியில் கொடுத்து, மறு கையால் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். பூட்ஸ் பொசுக்கென்று வந்தது. ரோனா பின்னால் விழவில்லை. பலகையின் அடியில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் விரல்கள் மூன்று கோடுகளுக்குள் போயிருந்தன.

"என்ன?" என்றான் டூகல்.

ரோனா கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தடவினாள். நடுவில் ஒன்று நீளம். இரண்டு பக்கமும் குட்டையாக ஒவ்வொன்று.

"எழுந்திரு," என்றாள்.

"ஒத்தைப் பூட்ஸோடயா?"

"எழுந்திருடா!"

அவன் எழுந்தான். ரோனா பலகையைப் பார்த்தாள். அதன் முன் ஓரத்தில், நடுப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்து பள்ளமாக இருந்தது. அவள் ராத்திரிப் படியில் எத்தனையோ தடவை கால் வைத்து இறங்கிய அதே பள்ளம்.

"இதுதான்!" என்று கத்தினாள். "எங்க கல்லு இதுதான்! எல்லாரும் வாங்க!"

எல்லோரும் வந்தார்கள். நடை கொள்ளவில்லை. சர் ஹியூ பலகையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அது எங்க பலகைம்மா! அந்தப் பள்ளம் எங்க குடும்பத்துக்கே பெருமை. எங்க முன்னோர்கள் உக்காந்து உக்காந்து தேஞ்சது. நானே எத்தனை வருஷமாத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்!"

ஊர்க்காரர்களும் முழித்தார்கள். பூ இல்லை, முகம் இல்லை. வெறும் பலகை.

"உக்காந்து தேஞ்சா ஓரத்தை விட்டு உள்ளே தள்ளித்தானே குழியணும்?" என்றாள் ரோனா. "இது ஓரத்துல தேஞ்சிருக்கு. நுனியில உக்காந்தா வழுக்கி விழுந்துடுவீங்க. இது உக்காந்து தேஞ்சது இல்ல, நடந்து தேஞ்சது. இது ராத்திரிப் படி. அடியில கோழிக்கால் இருக்கு, பாருங்க!"

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பள்ளி ஆசிரியை மிஸ் கேர்ன்ஸ். எடின்பரோவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இன்னும் அவரை வெளியூர்க்காரர் என்றுதான் சொல்வோம். அதனால்தான் இரண்டு கரையும் அவரை நம்பியது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தன் நல்ல பாவாடையை ஒரு முறை வருத்தத்தோடு பார்த்தார். பிறகு டார்ச்சை வாங்கிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, பலகைக்கு அடியில் தலையை விட்டார்.

கொஞ்ச நேரம் அவருடைய காலணிகள் மட்டும்தான் தெரிந்தன.

"கோழிக்கால்," என்றது பலகைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "சந்தேகமே இல்ல. இது கெல்டன் கல்லு."

கோபுரக் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் ஆற்றங்கரை நாரைகள் பறந்துபோனதாகப் பிறகு சொன்னார்கள். சர் ஹியூ தலையில் கை வைத்துக்கொண்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். கெல்டன் பிள்ளைகள் நானூறு வருஷமாகத் தேடிய கல்லின் மேல் உட்கார்ந்துதான் அவர்களே பூட்ஸ் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

அப்போது ரோனாவின் அப்பா ஒன்று சொன்னார்.

"ஏய், இதைத் தூக்கலாம்!"

சட்டென்று எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். இதுவரை கண்டுபிடித்த கற்களெல்லாம் சுவருக்குள் இருந்தன. எடுத்தால் வீடு விழும். அதனால் பொட்டு வைத்ததோடு சரி. ஆனால் இது இரண்டு முட்டுக் கல்லின் மேல் சும்மா இருக்கும் பலகை. நாலு பேர் பிடித்தால் வந்துவிடும். நானூறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கல் வீடு திரும்பப் போகிறது!

"எடுத்துக்கோங்கன்னு சொன்னேன்," என்றார் சர் ஹியூ. அவர் முகம் வாடியிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து நின்றார். "சொன்ன சொல் சொல்லுதான். எடுத்துக்கோங்க."

அப்பாவும் இன்னும் மூன்று பேரும் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"இருங்க," என்றார் மிஸ் கேர்ன்ஸ், பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி. "கல்லை என்ன பண்றதுன்னு கண்டுபிடிச்சவங்கதான் சொல்லணும். ரோனா?"

ரோனா கல்லைப் பார்த்தாள். ராத்திரிப் படியில் ஒரு படி கூடினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! துறவிகள் இறங்கிய அதே இடத்தில் அதே கல்.

பிறகு டூகலைப் பார்த்தாள். அவன் ஒற்றைப் பூட்ஸோடு சுவர் ஓரம் நின்றான். கல்லைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். மேளச் சத்தம் பாலத்தைத் தாண்டிவிடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் நாற்பது அறைகளும் அவனும்தான்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததும் சிரிப்பும் வந்தது.

"இந்தக் கல்லு எங்களுதுதானே?" என்று கேட்டாள்.

"உங்களுதுதான்," என்றார் சர் ஹியூ.

"எங்களுதுன்னா, அதை எங்க வேணா நாங்க வெச்சுக்கலாம்தானே?"

"தாராளமா."

"அப்ப இங்கயே வெச்சுக்கறோம்."

"ரோனா!" என்றார் அப்பா, குனிந்த முதுகை நிமிர்த்தியபடி.

"ஆனா," என்றாள் ரோனா, "எங்க கல்லுல உக்கார நாங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. கதவைத் தட்ட வேண்டியதில்ல. மேளம் அடிக்க வேண்டியதில்ல. எப்ப தோணுதோ அப்ப வருவோம். வருஷத்துல ஒரு நாள் இல்ல. எல்லா நாளும்."

ஊர் யோசித்தது. மறுப்பதற்கு ஓட்டை ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தது. எங்கள் கல், எங்கள் உரிமை. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. கெல்டன்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"நம்ம கல்லைப் பார்த்துக்க ஆள் வரணும்ல, அது சரிதான்," என்றார் அப்பா கடைசியில். பிறகு அவர்தான் முதலில் அப்பத்தைக் கடித்தார்.

சர் ஹியூவின் மீசை துடித்தது. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. டூகல் வெள்ளைச் சாயத்தில் விரலைத் தோய்த்துக் கல்லின் ஓரத்தில் பொட்டு வைத்தான். விரலை நிறையத் தோய்த்ததால் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

"நாளைக்கு வருவியா?" என்று கேட்டான் மெதுவாக.

"நான் மட்டுமா?" என்றாள் ரோனா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டியது. ஆனாலும் சர்ச் முடிந்த கையோடு ஏழு பிள்ளைகள் பாலத்தைத் தாண்டி ஓடினார்கள். மதியம் முழுக்க அந்த வீட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. தேடுவதற்கு ஆள் கிடைத்த டூகல், தேடவே முடியாத இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டே இருந்தான். கடைசியில் எல்லோரும் மூச்சு வாங்கப் பின்வாசலுக்கு வந்து, கல் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மழை நிற்கக் காத்திருந்தார்கள். மழைத் திரைக்கு அப்பால் மடாலயத்தின் வளைவுகள் சிவப்பாகத் தெரிந்தன.

அப்போது சர் ஹியூ குடையோடு வந்தார். நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். பூட்ஸ் மாட்ட வேண்டும். உட்காரலாம் என்று பார்த்தால், பலகையில் ஒரு விரல் இடம்கூட இல்லை. ஒற்றைக் காலில் நின்று மாட்டப் பார்த்தார். தள்ளாடினார். சுவரைப் பிடித்தார். நாய் அவரைக் கவலையோடு பார்த்தது.

கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிஸ் ரோனா," என்றார் மிகவும் பணிவாக, "உங்க கல்லுல நானும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கலாமா?"

ரோனா அவரை மேலும் கீழும் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எல்லாரும் தள்ளி உக்காருங்கடா, சர் ஹியூவும் வராரு," என்று இடம் விட்டாள்.